அந்தத் தண்ணீர் யார் கணக்கு?

உங்கள் வக்கீல் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு ஏற்பட்ட காயமும் பொய்யாகிவிடுமா?

'இதென்ன கேள்வி?' என்பீர்கள். பால்கனி இடிந்து உங்கள் தலையில் விழுகிறது. மண்டையில் இரண்டு தையல். கட்டடக்காரர் மேல் வழக்குப் போடுகிறீர்கள். உங்கள் வக்கீல் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. இரண்டு தையலை ஆறு தையலாக்கி சர்டிபிகேட் வாங்கிவிடுகிறார். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துவிடுகிறது. கேஸ் தள்ளுபடி. நியாயம்தான். வக்கீலுக்குத் தண்டனை. அதுவும் நியாயம்தான். ஆனால், தடவிப் பார்த்தால் மண்டையில் அந்த இரண்டு தையல் இன்னும் இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

இந்தச் சின்னக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு என்னோடு ஈக்வடாருக்கு வாருங்கள்.

தென் அமெரிக்காவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிற குட்டி நாடு. அதன் கிழக்குப் பக்கம் அமேசான் காடு. அந்தக் காட்டுக்குள் அக்வாரிகோ என்று ஒரு நதி. அதை நம்பி வாழ்கிறவர்கள் கோஃபான் என்கிற பழங்குடி மக்கள். குடிக்க, குளிக்க, சமைக்க, மீன் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஆறுதான்.

1967-ல் டெக்ஸாகோ என்கிற அமெரிக்க நிறுவனம் அங்கே எண்ணெய் கண்டுபிடித்தது. அந்த இடத்துக்கு 'லாகோ அக்ரியோ' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷில் 'புளித்த ஏரி' என்று அர்த்தம். அமெரிக்காவில் டெக்ஸாகோ ஆரம்ப நாட்களில் எண்ணெய் எடுத்த ஊர் ஒன்றுக்கு ஸோர் லேக் என்று பெயர். அதை அப்படியே மொழிபெயர்த்து அமேசான் காட்டுக்குச் சூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, வீட்டுக்காரரின் பெயரையே மாற்றின மாதிரி!

எண்ணெய் எடுக்கும்போது பூமிக்கு அடியிலிருந்து எண்ணெய் மட்டும் வராது. கூடவே தண்ணீரும் வரும். சூடான, உப்பான, எண்ணெயும் ரசாயனங்களும் கலந்த தண்ணீர். அதைத் திரும்பப் பூமிக்கு அடியில் ஆழத்திலேயே செலுத்திவிட முடியும். அதற்கான தொழில்நுட்பம் அப்போதே இருந்தது. செலவாகும், அவ்வளவுதான். ஈக்வடாரில் அந்தச் செலவைச் செய்யவில்லை. ஓடையிலும் ஆற்றிலும் விட்டார்கள். கழிவு எண்ணெயையும் சேற்றையும் கொட்ட நூற்றுக்கணக்கில் குழிகள் தோண்டினார்கள். உள்ளே சிமென்ட் பூச்சு, தார்ப்பாய் எதுவும் கிடையாது. வெறும் மண் குழி.

பி.காம். படித்த எனக்கு இந்தக் கதையில் கண்ணை உறுத்துவது மூன்று தொகைகள். 1980-ல் டெக்ஸாகோவுக்குள் ஒரு கடிதம் போனது. பழைய குழிகளை மூடிவிட்டு உறை போட்ட புதுக் குழிகள் அமைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 42 லட்சம் டாலர். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். பிறகு, ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய டெக்ஸாகோ, 1995-லிருந்து 1998 வரை குழிகளில் தன் பங்கைச் சுத்தம் செய்ததாகச் சொல்லிச் செலவழித்த தொகை 4 கோடி டாலர். கடைசியில், 2013-ல் ஈக்வடாரின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நஷ்டஈடு 950 கோடி டாலர். 42 லட்சம், 4 கோடி, 950 கோடி! தள்ளிப்போட்ட செலவு எப்படிக் குட்டி போடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் காமர்ஸ் புத்தகத்திலும் இல்லை.

'அப்பாடா, 950 கோடி கிடைத்ததே' என்று பெருமூச்சு விடாதீர்கள். அதில் ஒரு டாலர்கூட வசூலாகவில்லை. ஏன் என்பதில்தான் நம் விஷயமே இருக்கிறது. அதில் ஒரு சினிமா கேமராவுக்கு முக்கியமான பங்கு உண்டு.

1993-ல் சுமார் 30,000 பேர் சார்பில் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். பழங்குடிகளும் உண்டு, பிற்பாடு குடியேறிய ஏழை விவசாயிகளும் உண்டு. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? 'இதை அமெரிக்காவில் விசாரிக்கக் கூடாது. ஈக்வடார் கோர்ட்டில்தான் விசாரிக்க வேண்டும்.' பல வருஷ இழுபறிக்குப் பிறகு அமெரிக்க கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. இதற்கு நடுவில் 2001-ல் டெக்ஸாகோவை செவ்ரான் வாங்கிவிட்டது. கம்பெனியை வாங்கினால் சொத்து மட்டுமா வரும்? கேஸும் சேர்ந்து வந்தது. 2003-ல் லாகோ அக்ரியோவிலேயே புது வழக்கு.

கட்சிக்காரர்களின் வக்கீல்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் பாப்லோ ஃபஹார்டோ. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, எண்ணெய் வயலில் வேலை பார்த்து, பிறகு சட்டம் படித்தவர். இன்னொருவர் ஸ்டீவன் டான்ஸிகர். ஹார்வர்டில் படித்த நியூயார்க் வக்கீல். ஆறடிக்கு மேல் உயரம், குரலும் அதே உயரம். இந்த டான்ஸிகர்தான் ஜோ பெர்லிங்கர் என்கிற டாக்குமெண்டரி இயக்குநரைப் பார்த்து, 'வந்து இதைப் படம் எடுங்கள்' என்று கேட்டவர்.

பெர்லிங்கர் போனார். மூன்று வருஷம் எடுத்தார். 600 மணி நேரப் பதிவு. அதிலிருந்து ஒரு மணி முக்கால் நேரப் படம். பெயர் 'க்ரூட்'. கச்சா எண்ணெய் என்றும் அர்த்தம், முரட்டுத்தனம் என்றும் அர்த்தம். 2009-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

நல்ல படம். நடுக்காட்டில் கொளுத்தும் வெயிலில் நீதிபதி நிற்க, சுற்றிலும் இரண்டு தரப்பு வக்கீல்களும் எண்ணெய்க் குழி ஓரத்தில் நின்றுகொண்டு தொண்டை கிழிய வாதாடும் காட்சிகளை மறக்க முடியாது. புற்றுநோயோடு போராடும் ஒரு தாய், அவருடைய 18 வயது மகளுக்கும் அதே நோய். பெர்லிங்கர் ஒருபக்கமாகவும் எடுக்கவில்லை. 'நாங்கள் எங்கள் பங்கைச் சுத்தம் செய்துவிட்டோம். ஈக்வடார் அரசே எங்களுக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்துவிட்டது. மிச்சம் இருக்கும் அழுக்கு பெட்ரோஎக்வடார் என்கிற அவர்களுடைய அரசு நிறுவனத்தினுடையது. நோய்க்குக் காரணம் சுகாதாரக் குறைவு' என்று செவ்ரான் ஆட்கள் சொல்வதும் படத்தில் வருகிறது. டான்ஸிகரையும் மகாத்மாவாகக் காட்டவில்லை. நீதிபதிக்கு நெருக்கடி கொடுக்க அவர் பத்திரிகைக்காரர்களோடு கிளம்புவதும், அமெரிக்காவில் இப்படிச் செய்யமாட்டோம், இங்கே ஆட்டமே இப்படித்தான் என்கிற ரீதியில் பேசுவதும் படத்திலேயே இருக்கின்றன.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. படம் வந்ததும் நாமெல்லாம் திரையில் அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செவ்ரானின் வக்கீல்கள் டான்ஸிகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் வந்த பிரதியில் இருந்த ஒரு காட்சி டி.வி.டி.யில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். நடுநிலையாளராக இருக்க வேண்டிய ஒரு நிபுணர், கட்சிக்காரர்களின் வக்கீல்களோடு இருக்கும் காட்சி அது. வக்கீல்கள் கேட்டுக்கொண்டதால் எடுத்த காட்சி. 'பார்த்தீர்களா! ஒரு காட்சியை மறைத்திருக்கிறார்கள் என்றால், மிச்ச 600 மணி நேரத்தில் என்னென்ன இருக்கும்?' என்று நியூயார்க் கோர்ட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தானே தோன்றுகிறது?

2010 மே மாதம் நீதிபதி லூயிஸ் கேப்லன் பதிவுகளைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். அப்பீலில் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனாலும் பெரும்பகுதி செவ்ரானுக்குப் போனது. பத்திரிகைக்காரனுக்குரிய பாதுகாப்பு பெர்லிங்கருக்குக் கிடையாது, ஏனென்றால் அவரை அழைத்ததே ஒரு தரப்பின் வக்கீல், அவர் சொல்லிக் காட்சியை நீக்கியும் இருக்கிறார், ஆகவே அவர் சுதந்திரமானவர் இல்லை என்றது மேல் கோர்ட்டு.

2011 பிப்ரவரியில் லாகோ அக்ரியோ கோர்ட்டு செவ்ரானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சுமார் 860 கோடி டாலர். கூடவே ஒரு விநோதமான நிபந்தனை. 15 நாளுக்குள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தொகை இரட்டிப்பு! ஒரு 'ஸாரி'யின் விலை 860 கோடி டாலர். செவ்ரான் கேட்கவில்லை. அந்த இரட்டிப்பை 2013-ல் ஈக்வடார் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அப்படி மிஞ்சியதுதான் 950 கோடி.

2014 மார்ச்சில் கேப்லன் கிட்டத்தட்ட 500 பக்கத் தீர்ப்பு எழுதினார். ஈக்வடார் தீர்ப்பு மோசடியால் வாங்கியது, நிபுணர் அறிக்கையை டான்ஸிகர் தரப்பே எழுதியது, நீதிபதிக்கு லஞ்சம் பேசினார்கள் என்றார். லஞ்சத்துக்கு முக்கிய சாட்சி, செவ்ரானிடம் பணம் வாங்கிய ஒரு முன்னாள் ஈக்வடார் நீதிபதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். டான்ஸிகர் கடைசிவரை குற்றத்தை மறுத்தார். 2016-ல் மேல் கோர்ட்டு கேப்லனின் தீர்ப்பை உறுதி செய்தது. 2018-ல் தி ஹேக் நகரில் நடந்த சர்வதேச நடுவர் மன்றமும் செவ்ரான் பக்கமே சாய்ந்தது. டான்ஸிகரின் வக்கீல் உரிமம் பறிபோனது. 2019 ஆகஸ்ட் முதல் வீட்டுச் சிறை, 2021-ல் கோர்ட்டு அவமதிப்புக்காக ஆறு மாத தண்டனை, 2022 ஏப்ரலில் விடுதலை.

டான்ஸிகர் வில்லனா, தியாகியா? இரண்டு கட்சியும் உலகத்தில் இருக்கிறது. பட்டிமன்றம் வைத்தால் விடிய விடிய நடக்கும். ஆனால் கவனித்தீர்களா? நாம் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது!

இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆற்றில் என்ன கொட்டினார்கள் என்று ஆரம்பித்த வழக்கு, வக்கீல் என்ன சொன்னார் என்பதில் போய் முடிந்தது. கேப்லன் தன் தீர்ப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அந்தக் காட்டில் இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கு இன்றைக்கு யார் பொறுப்பு என்பது இந்த வழக்கின் கேள்வியே அல்ல என்று. அவர் வேலை அதுவல்ல, சரி. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு நம்மில் எத்தனை பேர், 'ஓ, அப்போ அந்த விஷமெல்லாம் சும்மா கப்ஸாவா?' என்று பேப்பரை மடித்து வைத்திருப்போம்?

கணக்கு எழுதுகிறவர்களுக்கு 'செட் ஆஃப்' என்று ஒன்று தெரியும். நான் உங்களுக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டும். நீங்கள் எனக்கு அறுநூறு தர வேண்டும். நானூறைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மச்சினர் எனக்குத் தர வேண்டிய அறுநூறை, உங்களுக்கு நான் தர வேண்டிய ஆயிரத்தில் கழிக்க முடியுமா? முடியாது. ஆள் வேறு, பேரேடு வேறு. டான்ஸிகர் தப்பு செய்திருந்தால் அது டான்ஸிகருக்கும் செவ்ரானுக்கும், டான்ஸிகருக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் உள்ள கணக்கு. ஆற்றில் கொட்டியவருக்கும் ஆற்றைக் குடித்தவருக்கும் நடுவில் உள்ள கணக்கில் அதைக் கழிக்க முடியாது.

'வக்கீல் என்பவர் கட்சிக்காரரின் ஏஜென்ட்தானே? ஏஜென்ட் செய்தால் முதலாளி செய்த மாதிரிதானே?' என்று சட்டம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். சரியான கேள்வி. ஏஜென்ட்டின் மோசடியால் கிடைத்த லாபத்தை முதலாளி அனுபவிக்கக் கூடாது. அதனால்தான் தீர்ப்பு செல்லாமல் போனது. ஆனால், அந்த ஏஜென்ட் வருவதற்கு முன்னாலேயே இருந்த கடன் அதனால் அடைபட்டதாகிவிடாது. 30,000 பேரில் எத்தனை பேர் அந்த வக்கீலின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்?

'கொட்டியது யார் என்பதே தகராறில்தானே இருக்கிறது?' என்று இன்னொருவர் கேட்பார். இருக்கிறது. 1990 வரை டெக்ஸாகோ வயல்களை நடத்தியது. பிறகு பெட்ரோஎக்வடார் நடத்தியது. அதுவும் ஒன்றும் பன்னீர் தெளிக்கவில்லை. ஆனால் இரண்டு கடன்காரர்கள் 'உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு' என்று சண்டை போட்டால், கடன் கொடுத்தவருக்குப் பாக்கியே இல்லை என்று ஆகுமா?

ஆடிட்டர்கள் சில சமயம் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்த்துவிட்டு, 'எங்களால் கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுதிக் கொடுப்பார்கள். ரசீது சரியில்லை, ஆவணம் கெட்டுப்போய்விட்டது, என்னவோ ஒன்று. அதற்கு அர்த்தம் நஷ்டம் பூஜ்யம் என்பதல்ல. தெரியவில்லை என்பதுதான். வெற்றிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல. மோசடி என்று ஒரு தீர்ப்பை ரத்து செய்தால் கேள்வி மறுபடி காலியாக நிற்கிறது. 'இல்லை' என்று பதில் வந்துவிட்டதாக ஆகாது. ஆனால் உலகம் அதைப் பூஜ்யமாகத்தான் படிக்கிறது. காலியிடத்தில் பூஜ்யத்தை எழுதினால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் டாக்குமெண்டரி எடுப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கதாநாயகன், வில்லன் படத்தில் ஒரு காட்சியைத் தூக்கினால் தயாரிப்பாளருக்கு நஷ்டம். பாதிக்கப்பட்டவர்களின் படத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு காட்சியை மறைத்தால், அதன் விலையைக் கொடுப்பது டைரக்டர் அல்ல, ஆற்றங்கரையில் இருக்கிறவர். பலவீனமானவர் சார்பில் பேசுகிறவருக்குப் பொய் சொல்லும் சலுகை கூடுதலாக இல்லை. இன்னும் குறைவு.

பார்க்கிற நமக்கும் ஒரு பாடம் உண்டு. நமக்குப் பாதிக்கப்பட்டவர் என்றால் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அதிலும் பழங்குடி என்றால் இறகு, மணிமாலை, கள்ளமில்லாச் சிரிப்பு எல்லாம் வேண்டும். இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. டாக்குமெண்டரிகளுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லப்படும் 'நானூக் ஆஃப் தி நார்த்' 1922-ல் வந்தது. கனடாவின் பனிப் பிரதேசத்து இனுயிட் மக்களைப் பற்றியது. அவர்கள் அப்போதே துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி பழைய காலத்து ஈட்டியோடு வேட்டையாடச் சொல்லிப் படம் எடுத்தார். படத்துக்குப் பணம் போட்டது ஒரு கம்பளித் தோல் வியாபார நிறுவனம்! பார்க்கிறவர்கள் ஈட்டியைத்தான் விரும்புவார்கள் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. கையில் துப்பாக்கி, செல்போன், கூடவே சாமர்த்தியமான வக்கீல் என்றால் நம் இரக்கம் சட்டென்று இறங்கிவிடுகிறது. காயம்பட்டவர் நல்லவராகவும் இருக்க வேண்டும் என்பது நாமாகப் போட்ட நிபந்தனை. கொட்டினவருக்கு அப்படி எந்த நிபந்தனையும் நாம் போடுவதில்லை.

நல்லவேளையாக, கோஃபான் மக்களே இந்த நிபந்தனையை உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதே அக்வாரிகோ நதியின் மேல்பகுதியில் ஸினாங்கோயே என்று ஒரு கோஃபான் கிராமம். அங்கே தங்கம் தோண்ட அரசாங்கம் ஊராரைக் கேட்காமலேயே உரிமம் கொடுத்திருந்தது. ஊர்க்காரர்கள் காவல் படை அமைத்தார்கள். காட்டுக்குள் தானியங்கி கேமராக்கள் வைத்தார்கள். டிரோன் பறக்கவிட்டார்கள். இயந்திரங்கள் ஆற்றைத் தோண்டுவதைத் தாங்களே பதிவு செய்து கோர்ட்டில் வைத்தார்கள். 2018 அக்டோபரில் 52 தங்கச் சுரங்க உரிமங்கள் ரத்தாயின. 2022-ல் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமும் பழங்குடிகளின் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது. இதை முன்னின்று நடத்திய அலெக்ஸாண்ட்ரா நார்வாயஸ், அலெக்ஸ் லூசிதாந்தே இருவருக்கும் அதே வருஷம் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

கேமரா அவர்கள் கையில் இருந்தது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்கிற பொறுப்பும் அவர்கள் கையிலேயே இருந்தது. எல்லாப் பழங்குடிகளுக்கும் இது வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. கீழே லாகோ அக்ரியோவில், குழிகள் தோண்டி முடித்த பிறகு டிரோன் வந்து என்ன பிரயோஜனம்? அங்கே இன்னும் மற்றவர்கள் கேமராவும் மற்றவர்கள் வக்கீலும்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு டாக்குமெண்டரி பார்த்தால், பார்த்துவிட்டு இது பொய் என்று ஒருவர் எழுதியதைப் படித்தால், இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கழித்துவிடாதீர்கள். படம் நேர்மையானதா என்பது டைரக்டரின் கணக்கு. வக்கீல் யோக்கியரா என்பது கோர்ட்டின் கணக்கு. இரண்டையும் கறாராகவே பாருங்கள், தள்ளுபடியே கொடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரை இன்றைக்குக் குடிக்கலாமா, கூடாதா என்பது மூன்றாவது கணக்கு. அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு பக்கங்களில் என்ன எழுதினாலும் சரி, அந்த மூன்றாவது பக்கத்தில் பாக்கி அப்படியேதான் நிற்கிறது.